முதல் நாள் சிறுநீர்

பாறசாலையில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் களியக்காவிளை வந்துவிடும். கேரளம் எங்கே முடிந்தது, தமிழ்நாடு எங்கே தொடங்கியது என்பதைக் கடைப் பலகைகளில் எழுத்து மாறுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், படிக்கப் போவதும், வைத்தியம் பார்ப்பதும் இரு பக்கமும் கலந்தேதான் நடக்கின்றன. பேச்சும் அப்படித்தான். ஒரே வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி மலையாளம்.

2022 அக்டோபர் 14 அன்று பாறசாலையைச் சேர்ந்த 23 வயது மாணவர் ஒருவர், எல்லைக்குத் தமிழகப் பக்கம் இருந்த தன் தோழியின் வீட்டில் கஷாயம் குடித்தார். அதில் பாராக்குவாட் என்ற களைக்கொல்லி கலந்திருந்தது. அன்றே வாந்தி தொடங்கியது. அடுத்தடுத்த நாட்களில் வாயும் தொண்டையும் புண்ணாயின. சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. அக்டோபர் 25-ல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்துபோனார். 2025 ஜனவரி 20-ல் நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு மரண தண்டனை விதித்தது. வழக்கு மேல்முறையீட்டில் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணையில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. அந்தக் கஷாயத்துக்குச் சில வாரங்கள் முன்பே, பாராசிட்டமால் மாத்திரைகளைக் கரைத்த பழச்சாறு அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கசந்ததால் துப்பிவிட்டார்.

காதல், ஜாதகம், துரோகம் என்று இந்த வழக்கைப் பற்றி இரண்டு மொழிகளிலும் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் சேர்க்க ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் எந்தக் குடும்பமும் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுத வேண்டும்: “ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே, அதில் தெரியாதா?”

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியாது. சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், கல்லீரல் என்சைம்கள் எல்லாம் உடம்பு பட்ட காயத்தைச் சொல்பவை. காயம் பட ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை அறிக்கை ‘நார்மல்’ என்றே வரும். காயத்தை உண்டாக்கிய பொருளையே ரத்தத்தில் தேடிப் பிடித்து, இத்தனை மைக்ரோகிராம் என்று அளந்து சொல்வது வேறொரு வித்தை. அந்த வித்தைக்குப் பெயர் லிக்விட் குரோமடோகிராஃபி. நஞ்சையும் மருந்தையும், உடம்பு அவற்றை உருமாற்றி வெளியே தள்ளும் மெட்டபொலைட்டுகளையும் ரத்தத்திலும் சிறுநீரிலும் பிரித்து அளக்க அது கைகொடுக்கிறது. குற்றவாளியைப் பிடிப்பதற்காகப் பிறந்த வித்தையல்ல அது. அதன் வேர்கள் ஒரு செடியின் இலையிலும், காய்ச்சல்காரர்களின் சிறுநீரிலும், சென்னை சேத்துப்பட்டிலும், எடின்பரோவின் ஒரு வார்டிலும் இருக்கின்றன.

வாய் வழியாகப் போன பொருள் வேறு உருவெடுத்துச் சிறுநீரில் வரும் என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. 1841-ல் லண்டனில் அலெக்சாண்டர் யூர் என்ற மருத்துவர், பென்சோயிக் அமிலம் சாப்பிட்டால் சிறுநீரில் ஹிப்யூரிக் அமிலம் என்ற வேறொரு பொருள் வருவதைக் கண்டார். மறு ஆண்டு ஜெர்மனியில் வேதியியலாளர் வோலரின் ஆய்வகத்தில் கெல்லர் என்பவர் சுமார் 2 கிராம் பென்சோயிக் அமிலத்தைத் தானே விழுங்கி, காலையில் தன் சிறுநீரிலிருந்து அதே ஹிப்யூரிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உடம்பு வெறும் குழாய் இல்லை, உள்ளே ஒரு ரசாயனப் பட்டறை நடக்கிறது என்பதற்கு மனிதரிடமிருந்து கிடைத்த முதல் சான்றுகள் இவை. இதே காலத்தில்தான் நஞ்சு தேடும் அரசாங்க ஆய்வகமும் நம் பக்கம் வந்தது. இந்தியாவின் முதல் கெமிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் 1849-ல் சென்னையில் தொடங்கியது. அன்றைக்கு அவர்கள் தேடியதில் முக்கியமானது ஆர்செனிக். அது உலோகத்துக்கு நெருங்கிய பொருள். எத்தனை காலமானாலும் ஆர்செனிக்காகவே கிடக்கும். செடிகொடிகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் கரிமப் பொருட்கள் அப்படி இல்லை. கல்லீரல் அவற்றை உடைக்கும், வேறொன்றோடு ஒட்டும், கரைய வைக்கும், வெளியே தள்ளும். ரத்தத்திலும் சிறுநீரிலும் ஏற்கெனவே ஆயிரம் பொருட்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் மைக்ரோகிராம் அளவில் ஒளிந்திருக்கும் ஒன்றை எப்படித் தனியே பிரிப்பது?

வழி ஓர் இலையிலிருந்து வந்தது. இத்தாலியில் பிறந்த ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட், 1903-ல் வார்சாவில் அறிஞர்கள் முன்னால் தன் முறையை விளக்கினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டை, நெருக்கமாக அடைத்து, இலைச் சாற்றை மேலே ஊற்றி, பின்னாலேயே தூய கரைப்பானை மெதுவாக விட்டார். ஒரே பச்சையாகத் தெரிந்த சாறு கீழே இறங்க இறங்கப் பல நிறப் பட்டைகளாகப் பிரிந்தது. நீலப்பச்சை ஒரு குளோரோஃபில், மஞ்சள்பச்சை இன்னொரு குளோரோஃபில், மஞ்சள் நிறமிகள் தனித்தனியாக. பொங்கல் நாளில் களியக்காவிளைச் சந்தையில் நுழையும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை தெரிந்தவர்கள் இருப்பவர் ஒவ்வொரு இடத்திலும் நின்று பேசிவிட்டு வருவார். யாரையும் தெரியாதவர் நேரே நடந்து மறுமுனைக்குப் போய்விடுவார். தூளோடு ஒட்டுறவு அதிகமான பொருள் பின்தங்குகிறது, குறைவான பொருள் முந்துகிறது. குரோமடோகிராஃபியின் சாரம் இவ்வளவுதான்.

குரோமடோகிராஃபி என்ற பெயரையும் 1906-ல் ஸ்வெட்டே வைத்தார். ஆனால் அவர் காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளோரோஃபில் ஆராய்ச்சிக்காக 1915-ல் நோபல் பெற்ற வில்ஸ்டேட்டருக்கே இந்த முறையில் நம்பிக்கை இல்லை. போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, 1919-ல் வொரொனெஷ் நகரில் 47 வயதில் ஸ்வெட் இறந்தார். அவருடைய முறை மீண்டும் எழுந்தது 1931-ல், ஹைடல்பர்க்கில். அதை எழுப்பியவர்கள் வில்ஸ்டேட்டரின் மாணவர் ரிச்சர்ட் கூனும் அவரிடம் வேலைபார்த்த எட்கர் லெடரரும். பத்தாண்டு கழித்து, 1941-ல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் மார்ட்டினும் சிஞ்சும் அடுத்த படியைக் கட்டினார்கள். கம்பளியிலுள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்க, ஒரு திரவத்தைத் தூளில் ஏற்றிவைத்து, இன்னொரு திரவத்தை அதன் மேல் ஓடவிட்டார்கள். அதே கட்டுரையில் அவர்கள் ஒரு கணிப்பையும் எழுதிவைத்தார்கள்: மிகச் சிறிய துகள்களை அடைத்து, பெரிய அழுத்தத்தில் திரவத்தைத் தள்ளினால் பிரிப்பு இன்னும் துல்லியமாக இருக்கும். 1952-ல் நோபல் பரிசு வந்தது. அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்ப் வர இன்னும் பதினைந்து ஆண்டு ஆயிற்று.

இதற்கிடையில் மருந்தின் பக்கத்திலிருந்து இன்னொரு ஓடை வந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜாவா ஜப்பானின் கைக்குப் போனதும் உலகத்துக்குக் குயினைன் வரும் வழி அடைபட்டது. மலேரியாவுக்கு மாற்றாக இருந்த அட்டாபிரின் மாத்திரையைப் படைவீரர்கள் விரும்பவில்லை. வயிற்றைப் புரட்டியது, காய்ச்சலும் சரியாக நிற்கவில்லை. நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் தலைமையில் பெர்னார்ட் பிராடியும் நண்பர்களும் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: விழுங்கிய மாத்திரை எவ்வளவு என்று பார்ப்பதை விட, ரத்தத்தில் இருக்கும் மருந்து எவ்வளவு என்று ஏன் பார்க்கக் கூடாது? அளந்தார்கள். முதலில் பெரிய அளவு, பிறகு சிறிய அளவு என்று கொடுத்தால் ரத்தத்தில் மருந்து சட்டென்று ஏறி நிலைக்கிறது என்று தெரிந்தது. இன்று மருத்துவர் ‘முதல் நாள் இரண்டு மாத்திரை, மறுநாளிலிருந்து ஒன்று’ என்று எழுதிக் கொடுக்கும் பழக்கத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட அளவீடுகள் இருக்கின்றன.

போர் முடிந்ததும் பிராடியிடம் ஜூலியஸ் ஆக்சல்ராட் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். அப்போது அவரிடம் முனைவர் பட்டம்கூட இல்லை. அசெட்டனிலைட் என்ற பழைய காய்ச்சல் மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு உதடும் நகமும் ஏன் நீலம் பாரிக்கின்றன என்று கண்டுபிடிப்பது வேலை. ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்தபோது இரண்டு பொருட்கள் கிடைத்தன. ஒன்று அனிலின், நீலம் பாரிக்க வைத்த குற்றவாளி அதுதான். இன்னொன்று, மருந்தில் பெரும்பங்கு மாறி உருவாகும் பொருள். வலியையும் காய்ச்சலையும் உண்மையில் தணிப்பது அது. அந்த இரண்டாவது பொருள்தான் பாராசிட்டமால். 1948-ல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பாராசிட்டமால் தனி மருந்தாக எழுந்தது. 1955-56-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைக்கு வந்தது. இன்று பாறசாலை மருந்துக்கடையிலும் களியக்காவிளை மருந்துக்கடையிலும் சீட்டு இல்லாமல் நீட்டப்படும் அந்த மாத்திரை, ஒரு மெட்டபொலைட்டை அளந்ததால் உலகத்துக்குக் கிடைத்தது. ஆக்சல்ராட் வேறோர் ஆராய்ச்சிக்காக 1970-ல் நோபல் பெற்றார்.

நம் ஊர்ப் பகுதிக்கு வருகிறேன். இந்தக் கதையில் தமிழ்நாட்டின் பங்கைப் பலர் சொல்வதில்லை. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு நான்கும் சேர்ந்து நடத்தின. முதலில் பொறுப்பேற்று வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். ஏழை நோயாளி சானடோரியத்தில் ஒரு வருடம் கிடக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் போதாதா என்பதுதான் அவர்கள் கேள்வி. வீடு என்றால் ஒண்டுக் குடித்தனம், சோறும் பற்றாக்குறை. மாத்திரை உள்ளே போகிறதா என்று எப்படித் தெரியும்? முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிப் பரிசோதித்தார்கள். 1959-ல் முடிவு வந்தது: வீட்டு வைத்தியம் சானடோரியத்துக்கு ஏறத்தாழ இணையாகவே வேலை செய்கிறது. உலகமே காசநோய் வைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு அந்தச் சிறுநீர்க் குப்பிகளும் சாட்சி.

அதே இடத்தில் ஐசோனியாசிட் மருந்தை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்கள். உடம்பு அந்த மருந்தின் மேல் அசெட்டைல் என்ற சிறு துண்டை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. சிலருக்கு இந்த வேலை வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. பிறவியிலேயே வரும் வேறுபாடு இது. தென்னிந்தியர்களில் ஏறத்தாழ 60% பேர் மெதுவாகச் செய்பவர்கள். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாக மாற்றும் உடம்புக்காரர்களுக்குப் பலன் குறைந்தது. மெதுவாக மாற்றுபவர்களுக்குக் கைகால் நரம்பு எரிச்சல் அதிகம் வந்தது. அதைத் தடுக்கச் சிறிதளவு பைரிடாக்சின் வைட்டமின் போதும் என்றும் அங்கேதான் காட்டினார்கள். ஒரே மாத்திரை, ஒரே அளவு. ஆனால் அடுத்தடுத்த பாயில் படுத்திருக்கும் இருவருக்கு அது இரண்டு வேறு மருந்து. இதை அளந்து பார்க்காமல் அறிய வழியே இல்லை.

மார்ட்டினும் சிஞ்சும் கணித்த பம்ப் 1960-களில் வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வேலைசெய்த சாபா ஹோர்வாத், திரவத்தை உயர் அழுத்தத்தில் எஃகுக் குழாய் வழியே தள்ளும் கருவியைக் கட்டினார். 1967-ல் அதைக் கொண்டு நியூக்ளியோடைடுகளைப் பிரித்துக் காட்டினார். அதே காலத்தில் வாட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் கருவியை விற்கத் தொடங்கின. 1970-களில் சிலிக்காத் துகள்களின் மேல் 18 கரிமம் நீளமான எண்ணெய்ச் சங்கிலிகளை ஒட்டவைத்து அடைத்த குழாய், அதாவது கம்பம், வந்தது. ஆய்வகங்களில் இன்றும் ‘சி-18 காலம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரத்தமும் சிறுநீரும் நீர் சார்ந்தவை. மருந்துகள் பெரும்பாலும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை கொண்டவை. நீரை அடித்துக்கொண்டு போகவிட்டு மருந்தை நிறுத்திவைக்க இந்தக் கம்பம் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. உயிருள்ள மனிதரின் குப்பியும் வேதியியலாளரின் குழாயும் ஒன்றுசேர்ந்த இடம் இதுதான்.

எங்கே முதலில் அதன் தேவை கடுமையாக உணரப்பட்டது என்று கேட்டால், நான் எடின்பரோவைச் சொல்வேன். 1966-ல் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் கல்லீரல் அழிவதைப் பற்றிய முதல் அறிக்கைகள் ஸ்காட்லாந்திலிருந்துதான் வந்தன. அந்த நஞ்சின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. முதல் நாள் ஒரு குமட்டல், அவ்வளவுதான். நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவார். இரண்டாம் மூன்றாம் நாள்தான் கல்லீரல் போய்விட்டது என்று தெரியும். 1973-ல் பிராடியின் பழைய குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பாராசிட்டமாலில் பெரும்பகுதி குளுகுரோனைடும் சல்ஃபேட்டும் ஒட்டித் தீங்கில்லாமல் சிறுநீரில் போகிறது. 5 முதல் 10% மட்டும் ஒரு கொடிய இடைப்பொருளாக மாறும். அதைக் குளுடாதையோன் என்ற பொருள் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளுடாதையோன் தீர்ந்துபோகும். பிறகு அந்த இடைப்பொருள் கல்லீரலையே பிடிக்கும்.

குளுடாதையோனை நிரப்பும் மாற்று மருந்தான அசெட்டைல்சிஸ்டீனை எடின்பரோவின் லாரி பிரெஸ்காட் 1970-களின் பிற்பாதியில் நிலைநாட்டினார். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகத் தப்பிக்கும். ஆனால் யாருக்குக் கொடுப்பது? ஆரோக்கியமாகத் தெரியும் ஒருவரின் ரத்தத்தில் எவ்வளவு பாராசிட்டமால் இருக்கிறது என்று அன்றே தெரிந்தாக வேண்டும். ரூமாக்கும் மேத்யூவும் 1975-ல் அதற்கு ஒரு வரைபடம் கொடுத்தார்கள்: விழுங்கி எத்தனை மணி நேரம், ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம், அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலா கீழா. 1977-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஜான் நாக்ஸும் ஜூரண்டும், இன்னொரு பக்கம் பிரெஸ்காட்டின் குழுவும், சிறுநீரிலுள்ள பாராசிட்டமாலையும் அதன் மெட்டபொலைட்டுகளையும் ஒரே ஓட்டத்தில் பிரித்து அளக்கும் முறைகளை வெளியிட்டார்கள். குளுகுரோனைடு ஒரு சிகரம், சல்ஃபேட் ஒரு சிகரம், குளுடாதையோன் வழியில் வந்த சிஸ்டீன் சேர்மம் ஒரு சிகரம். கல்லீரலுக்குள் எந்தக் கதவு அடைபட்டது, எந்தக் கதவு நிரம்பி வழிகிறது என்பதை வெளியே நின்று பார்க்க முடிந்தது. இந்தக் கட்டுரையின் பொருள் முழு உருவத்தோடு பிறந்தது அந்த ஆண்டுதான் என்பது என் எண்ணம்.

அந்த முறை சென்னைக்கு வந்து, இங்கே என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சேத்துப்பட்டு மையத்தில் பிரேமா குருமூர்த்தி, கீதா ராமச்சந்திரன், ஹேமந்த் குமார் முதலியோர் 2004-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள்: காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினையும் அதன் முக்கிய மெட்டபொலைட்டான டெஸ்அசெட்டைல் ரிஃபாம்பிசினையும் ரத்தத்திலும் சிறுநீரிலும் ஹெச்பிஎல்சியால், அதாவது உயர் அழுத்த லிக்விட் குரோமடோகிராஃபியால், அளப்பது. டி.பி. மாத்திரை சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும், சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அந்த நிறம் மருந்து உள்ளே போனதைச் சொல்லும். எவ்வளவு போனது என்று சொல்லாது. எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்களுக்குக் குடல் மருந்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். வேளா வேளைக்கு மாத்திரை விழுங்கியும் நோய் தீராதவரை ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்று திட்டுவது நம் ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். அவர் சாப்பிட்டார், ரத்தத்தில் ஏறவில்லை என்பதை ஒரு கருவி நிரூபித்துத் தருவது எவ்வளவு பெரிய நியாயம்!

ஆய்வகத்தில் அந்த வேலையை அருகில் நின்று பார்த்தால் ஆரவாரம் எதுவும் இருக்காது. ஹெப்பாரின் தடவிய குழாயில் ரத்தம் எடுத்து, சுழலியில் சுற்றி, மேலே நிற்கும் இளமஞ்சள் பிளாஸ்மாவை மட்டும் பிப்பெட்டால் உறிஞ்சுவார்கள். அதில் அசெட்டோநைட்ரைல் சேர்த்தால் புரதங்கள் வெண்மையாகத் திரைந்து கீழே படியும். மீண்டும் சுற்றித் தெளிவை எடுத்து, பெரும்பாலும் 20 மைக்ரோலிட்டரைக் கருவிக்குள் செலுத்துவார்கள். ஒரு சிறு துளியைவிடக் குறைவு. விரல் தடிமன்கூட இல்லாத எஃகுக் கம்பம். நீளம் 15 அல்லது 25 சென்டிமீட்டர். உள்ளே ஐந்து மைக்ரான் துகள்கள். உயர் அழுத்தத்தில் திரவம் ஓட, மறுமுனையில் புற ஊதா ஒளி பாயும் சிறு கண்ணாடி அறை. பொருள் கடக்கும்போதெல்லாம் திரையில் கோடு எழுந்து மலைபோல் இறங்கும். எந்த நிமிடத்தில் எழுந்தது என்பது பொருளின் அடையாளம்; மலையின் பரப்பு அதன் அளவு. தெரிந்த அளவுகளை முன்கூட்டியே ஓட்டிக் கோடு போட்டு வைத்திருந்தால்தான் அந்தப் பரப்பு எண்ணாக மாறும். நல்ல ஆய்வகத்தில் காலையின் பாதி நேரம் இந்தத் தெரிந்த மாதிரிகளை ஓட்டுவதிலேயே போகும். அந்தப் பொறுமைதான் அறிக்கையின் கடைசி வரியில் வரும் எண்ணுக்கு நம்பகத்தைக் கொடுக்கிறது.

ஆனால் ஒரே நேரத்தில் வரும் இரண்டு பொருட்களை ஒளியால் பிரித்தறிய முடியாது. அந்தக் குறையைத் தீர்த்தது எடை. 1980-களில் யேலில் ஜான் ஃபென், கம்பத்திலிருந்து வரும் திரவத்தை மின்னேற்றிய நுண்துளிகளாகத் தெளித்து, மூலக்கூறுகளை உடையாமல் நிறை அளவிக்குள் அனுப்பும் வழியைச் செப்பனிட்டார். 2002-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இன்றைய கருவி மூலக்கூறை எடை போடும், பிறகு உடைக்கும், துண்டையும் எடை போடும். பாராசிட்டமால் என்றால் 152 என்ற எடையில் நுழைந்து 110 என்ற துண்டாக உடையும். எடையும் துண்டும் வரும் நேரமும் மூன்றும் ஒத்துப்போனால் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொல்லலாம்.

பாராக்குவாட்டுக்கு வருகிறேன். 1882-லிருந்தே வேதியியலாளர்கள் அறிந்த பொருள் அது. 1955-ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் அதன் களைகொல்லும் குணத்தைக் கண்டு, 1962-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓர் எலக்ட்ரானை வாங்கி உடனே ஆக்ஸிஜனுக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் வாங்கும். இலையில் நடந்தால் இலை கருகும். நுரையீரல் அதைத் தானே உள்ளிழுத்துச் சேர்த்துக்கொள்வதால் அங்கே நடந்தால் மூச்சு போகும். மாற்று மருந்து இன்றுவரை இல்லை. உடம்பு இதைப் பெரிதாக உருமாற்றுவதும் இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள் அப்படியே சிறுநீரில் போய்விடும். மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு என்பதால் சி-18 கம்பத்தில் நிற்காமல் ஓடிவிடும். அதைப் பிடிக்க, எதிர் மின்னேற்றம் கொண்ட ஆக்டேன் சல்ஃபோனேட் போன்ற துணைப்பொருளை ஓடும் திரவத்தில் சேர்க்கிறார்கள். துணை கிடைத்ததும் அது கம்பத்தில் தங்கி, தன் நேரத்தில் வெளிவரும்.

1979-ல் எடின்பரோவின் புரவுட்ஃபுட்டும் கூட்டாளிகளும் பாராசிட்டமாலுக்குப் போலவே இதற்கும் ஒரு கோடு வரைந்தார்கள். ரத்தத்தில் நான்காம் மணி நேரத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம். 24-ஆம் மணி நேரத்தில் 0.1. கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் இருபதில் ஒரு பங்காக இறங்குகிறது. நாலாம் நாள் எடுத்த ரத்தத்தில் எவ்வளவு நல்ல கருவிக்கும் தேட மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கும்.

விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. எல்லை ஊர்களுக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான். சோதனைக் குழாயில் நோயாளியின் சிறுநீரை எடுத்து, சோடியம் பைகார்பனேட்டும் சோடியம் டைதயோனைட்டும் கொஞ்சம் போட்டால், பாராக்குவாட் இருக்கும் சிறுநீர் நீலமாக மாறும். களையைக் கருக்கும் அதே எலக்ட்ரான் விளையாட்டுதான் நீலத்தையும் தருகிறது. டைதயோனைட் சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பழகிய பொடி. ‘ஹைட்ரோஸ்’ என்று வாங்குவார்கள். நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே பாலராமபுரம் நெசவு இருக்கிறது. நூலுக்குச் சாயம் போடத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. ஒரு கவனம் மட்டும் வேண்டும்: ஈரம் பட்டால் பொடி கெட்டுவிடும். ஆகவே பாராக்குவாட் கலந்த ஒரு மாதிரியைப் பக்கத்தில் வைத்து அது நீலமாகிறதா என்று சரிபார்த்த பிறகே நோயாளியின் சிறுநீரில் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். காரணம் தெரியாத வாந்தியோடும் வாய்ப்புண்ணோடும் வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து பார்க்கச் சில நிமிடம் போதும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் இது வழக்கமாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேரள அரசு 2011-ல் தடை செய்த பூச்சிமருந்துகள், களைக்கொல்லிகள் பட்டியலில் பாராக்குவாட்டும் இருந்தது. இந்தியா முழுமைக்குமான தடை அது இல்லை. எல்லையில் கோடு எவ்வளவு மெல்லியது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஒரு பக்கத்தில் தடை செய்த பொருள் மறுபக்கத்தில் கடையில் இருந்தால் அந்தத் தடை பாதி தடைதான். இலங்கை 2008-லிருந்து படிப்படியாகக் கட்டுப்படுத்தி 2011-க்குள் பாராக்குவாட்டை அடியோடு நிறுத்தியது. களைக்கொல்லியால் சாகும் உயிர்கள் அங்கே குறைந்தன, வயல் விளைச்சல் விழவில்லை. தமிழ்நாடும் அந்த முடிவை எடுக்க வேண்டும்.

அதுவரை வீட்டிலிருப்பவர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நஞ்சு என்று சந்தேகம் வந்தால், குடித்த பாத்திரம், மிச்சம், வாந்தி பட்ட துணி எதையும் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன குடித்தார், எத்தனை மணிக்கு என்பதை நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். முதல் சிறுநீரை எடுத்துவைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பணியில் இருக்கும் செவிலியர் குப்பியின் மேல் பெயரோடு நேரத்தையும் எழுதட்டும். மணி எழுதாத ரத்தத்தை வைத்துக்கொண்டு புரவுட்ஃபுட்டின் கோட்டில் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது.